கடன், காணி, சட்டம்: யாழ்ப்பாணத்தில் பாலியல் தொழிலும் பொதுக் கொள்கையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் எழுந்த சில விடயங்கள் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழில் இந்தத் தலைப்பை அச்சிட உங்கள் அறக்கட்டளைக் குழுவில் தயக்கம் இருந்தது என்று அறிந்தேன். தயங்கியும் அச்சிட்டீர்கள், அதற்கு என் முதல் நன்றி. யாழ்ப்பாணத்தில் பாலியல் தொழில் பேசப்படும் இடங்கள் இரண்டுதான்: பத்திரிகையின் பொலிஸ் செய்திப் பத்தி, அயலாரின் கிசுகிசு. கொள்கை வகுக்கும் மேசைக்கு அது வருவதில்லை. வந்தாலும் 'சமூகச் சீர்கேடு' என்ற தலைப்பின் கீழ், போதைப்பொருளோடும் வாள்வெட்டோடும் ஒரே வரியில் வந்து, ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

இன்று நான் நிறுவ முயல்வது ஒரு கருத்தை. வறுமையில் இருக்கும் பெண்ணின் உடல் பேரத்துக்கு உள்ளாவது தெருவிலோ விடுதியிலோ தொடங்குவதில்லை. அவளுடைய வீட்டுப் படலையில், கடன் வசூலிக்க வந்தவன் நிற்கும் இடத்தில், கையொப்பத்துக்காக அவள் காத்திருக்கும் அலுவலக மேசையில் அது தொடங்கிவிடுகிறது. சட்டமோ தெருவிலும் விடுதியிலும் மட்டும் காவல் நிற்கிறது. ஆகவே பாலியல் தொழில் பற்றிய பொதுக் கொள்கை முதலில் கடனையும் காணியையும் கூலியையும் பற்றிய கொள்கையாக இருக்க வேண்டும். பொலிஸ் அதில் மிகச் சிறிய பங்குதான்.

இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் வறுமையால் தள்ளப்பட்டவர் என்று நான் வாதிடவில்லை. வேறு வேலையும் தெரிந்து, கணக்குப் போட்டுப் பார்த்து, இதைத் தேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுடைய முடிவை மதிக்கவும் சட்டத்துக்குத் தெரிய வேண்டும். எனினும் இங்கே என் கவனம், வேறு வழி இருந்திருந்தால் அந்த வழியில் போயிருப்போம் என்று சொல்லும் பெண்கள்மீது.

1. எண்ணிக்கை எவரைக் காயப்படுத்துகிறது

2009இல் போர் முடிந்தபின் வடக்கைப் பற்றி எழுத வந்தவர்கள் பலரிடம் ஒரு கதை தயாராக இருந்தது. கணவனை இழந்த பெண், வறுமை, அடுத்து பாலியல் தொழில் என்று அது போகும். வடக்கிலும் கிழக்கிலுமாக 89,000 விதவைகள் இருப்பதாக 2010இல் அரச தரப்பு சொன்ன எண் அந்தக் கதைக்கு அடித்தளமானது. திட்ட முன்மொழிவுகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அது திரும்பத் திரும்ப வந்தது. பேசியவர்கள் பரிவோடுதான் பேசினார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். தனியே பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு பெண்ணும் ஊரின் சந்தேகத்துக்கு உரியவளானாள். இரவு எட்டு மணிக்குப் பின் அவள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால், அது தம்பியுடையதா மருந்து கொண்டுவந்தவருடையதா என்று எவரும் கேட்பதில்லை. கோழிக்கூடு கட்டித் தரும் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கவே தயங்கிய பெண்கள் உண்டு. 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற பட்டியலில் ஏறினால் தம் மகளின் கலியாணப் பேச்சுக்கு அது இடைஞ்சலாகும் என்று அஞ்சினார்கள்.

இதனால்தான் யாழ்ப்பாண மாவட்டத்தில் இத்தனை பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்ற எண் எதையும் இன்று நான் மேசையில் வைக்கவில்லை. சிறிய சமூகத்தில் எண்ணிக்கை எடுப்பதே ஆளைக் காட்டிக் கொடுப்பதாகிவிடும். கொள்கைக்கு அந்த எண் தேவையும் இல்லை. கடனில் எத்தனை பேர், காணியைப் பயன்படுத்த முடியாமல் எத்தனை பேர் என்று எண்ணினால் போதும். அந்தக் கணக்கெடுப்பால் எவருடைய மானமும் போகாது.

பொலிஸ் முற்றுகைச் செய்தி வரும்போதெல்லாம் 'வெளிமாவட்டத்தைச் சேர்ந்த பெண்கள்' என்ற சொற்றொடர் சேர்ந்தே வருவதையும் கவனித்திருப்பீர்கள். அதைப் படித்து நாம் ஆறுதல் அடைகிறோம். தொழிலுக்கு வரும் பெண் தன் ஊரில் அதைச் செய்யமாட்டாள் என்பதுதான் அதன் பொருள். வேறு மாவட்டப் பெண் இங்கே வருகிறாள். இங்குள்ளவள் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறுகிறாள். அங்கே அவளைப் பற்றி எழுதும்போது அவளும் வெளிமாவட்டத்தவள்தான்.

2. 1841இலிருந்து வரும் சட்டம்

இலங்கையில் பாலியல் சேவைக்காகப் பணம் பெறுவது தன்னளவில் குற்றமாக எழுதப்படவில்லை. இது சட்டத்தரணிகளுக்குத் தெரியும். பொதுமக்களில் பலருக்குத் தெரியாது. பொலிஸார் பயன்படுத்துவது 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அது, வேலையற்றுத் திரிபவரையும் பிச்சை எடுப்பவரையும் 'பொது மகளிரையும்' ஒரே வலையில் பிடிக்க எழுதப்பட்டது. 1889இல் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் 1907இல் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டமும் அதற்குத் துணையாக வந்தன. கொழும்புக்கு அருகே கங்கொடவிலவில் உள்ள 'மெத்செவன' தடுப்பு இல்லம் இந்த ஏற்பாட்டின் இன்றைய முகம். குற்றம் நிரூபிக்கப்பட்ட கைதிக்கு விடுதலை நாள் என்று ஒன்று உண்டு. அங்கே வைக்கப்படும் பெண்ணுக்கு அந்த நிச்சயமும் இருப்பதில்லை.

நீதவான் நீதிமன்ற வாசலில் முற்றுகைக்கு அடுத்த நாள் காலையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சால்வையை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டபடி ஒரு பெண் இறங்குவாள். பக்கத்தில் பெண் கான்ஸ்டபிள். வெளியே கைத்தொலைபேசிகள் உயரும். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும் ஏற்றுக்கொள்கிறேன் என்பாள். மறுத்து வாதாடச் சட்டத்தரணி வேண்டும். தவணைக்குத் தவணை வர வேண்டும். ஒவ்வொரு தவணையும் இன்னொரு படம். தண்டப்பணம் 100 ரூபா.  சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருமுன் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அதற்குள் படம் இணையத்தில் ஏறிவிடும். அதைப் பார்த்தபின் வீட்டு உரிமையாளர் அறையை விடச் சொல்வார். கடையில் வேலை கேட்டால் கிடைக்காது. அந்தப் பெண்ணை இத்தொழிலிலேயே நிறுத்தி வைப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி வேறு இல்லை. திருநங்கைகளுக்கு நேர்வதும் இதுதான். அவர்கள் தெருவில் நடந்தாலே சந்தேகத்துக்குப் போதுமானதாகிவிடுகிறது.

சுகாதாரத் துறை இந்த விடயத்தில் வெகுதூரம் முன்னே போய்விட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. பெயர் கேட்டுப் பழி சொல்லாமல் சிகிச்சை தரும் கிளினிக்குகளின் நீண்ட உழைப்பு அது. அந்தக் கிளினிக்கில் வாங்கிய ஆணுறை கைப்பையில் இருந்ததையே பொலிஸார் சான்றாகக் காட்டுகிறார்கள் என்பது பாலியல் தொழிலாளர் அமைப்புகளின் நெடுநாள் முறைப்பாடு. ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழுவும் 2017இல் இலங்கை பற்றிய தன் அவதானிப்புகளில் 1841ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிடக் கோரியது. சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இங்கே நம் சொந்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1980களின் நடுப்பகுதியில், திருட்டு, காட்டிக்கொடுப்பு, ஒழுக்கக்கேடு என்று பெயர் சூட்டி, ஆயுத இயக்கங்கள் விசாரணையின்றி ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டபோது இந்த ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. சிலர் சரி என்றும் சொன்னார்கள். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வர் அதைப் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று, இதே யாழ்ப்பாணத்தில், வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். போர்க்காலப் பெண்களுக்காக 'பூரணி' இல்லம் அமைய உழைத்தவர் அவர். ஒழுக்கத்தின் பேரால் தண்டிக்கும் அதிகாரத்தை எவரிடம் கொடுத்தாலும் அது எங்கே போய் நிற்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

3. படலைக்கு வரும் கடன்

போருக்குப் பின், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்ததும் முதலில் வந்தவற்றில் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் அடங்கும். மோட்டார் சைக்கிளும் தொலைக்காட்சிப் பெட்டியும் தவணைக்குக் கிடைத்தன. ஐந்து, பத்துப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் காணி உறுதி கேட்காமல், கணவனின் கையொப்பம் கேட்காமல், வீட்டு முற்றத்திலேயே பணம் தரும் கம்பனி வந்தது. வங்கி வாசலுக்கே போயிராத பெண்ணுக்கு அது மரியாதையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்தத் தவணைப் புத்தகத்தில் உள்ள கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். கடன் 50,000 ரூபா. வட்டி 24 சதவீதம் என்று தாளில் இருக்கிறது. 52 வாரத்தில் கட்டி முடிக்க வேண்டும். 50,000க்கு 24 சதவீதம் 12,000, மொத்தம் 62,000, வாரத்துக்கு 1,192 ரூபா. கணக்கு நேர்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் முதல் வாரத்திலிருந்தே அவள் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். ஆறு மாதம் கழிந்தபோது அவள் கையில் இருக்கும் கடன் பாதி; வட்டி மட்டும் இன்னும் முழு 50,000க்குப் போய்க்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் முதலின்மீது கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 44 சதவீதம். இதற்குமேல் விண்ணப்பக் கட்டணம், காப்புறுதி என்று முதல் நாளே கழித்துக்கொள்வதும் உண்டு. மூன்று கம்பனியிடம் இப்படி எடுத்திருந்தால் மாதத்துக்கு 14,000 ரூபாவுக்கு மேல் கட்ட வேண்டும். 2025இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் 'வறியோர்' பிரிவுக் குடும்பத்துக்கு அரசு தந்தது மாதம் 10,000 ரூபா.

மூன்று கம்பனி எப்படி வந்தது? முதலாவதைக் கட்ட இரண்டாவது. இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவளுக்கு மழை பெய்த வாரத்தில் வருமானம் இல்லை. ஒரே வேலைக்கு ஆணுக்குக் கொடுக்கும் கூலியும் அவளுக்குக் கொடுப்பதில்லை. தவணைக்கு மழை தெரியாது. குழுக்கூட்டத்தில் ஒருத்தியின் பணம் குறைந்தால் மற்றவர்கள் எழும்ப முடியாது. அவர்களுக்கு வீட்டில் உலை வைக்க வேண்டும். கடன்காரியின்மேல் முதலில் சீறுவது கம்பனிக்காரன் அல்ல, அவளோடு பள்ளிக்கூடம் போன தோழிதான். உறவு முறிகிறது. அடுத்த முறை அவள் கூட்டத்துக்கு வராமல் ஒளிக்கிறாள். வசூலிப்பவன் இருட்டியபின் வீட்டுக்கு வருகிறான். தொலைபேசி இலக்கம் அவனிடம் இருக்கிறது. பேரம் அங்கேதான் முதன்முதலாகச் சொல்லாக வெளிவருகிறது.

இது என் ஊகம் இல்லை. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி 2018இல் இலங்கைக்கு வந்துபோனபின், 220 சதவீதம் வரை போன வட்டியையும், வசூலிப்பவர்கள் பெண்களிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டதையும், கடன் அடைக்கச் சிறுநீரகத்தை விற்க முயன்றவர்களையும் பதிவு செய்தார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் காலத்தில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதம் தவணை தவறிய கடன்கள் தள்ளுபடியாகின. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. நல்ல முடிவு. ஆனால் மானத்துக்கு அஞ்சித் தாலிக்கொடியை அடகு வைத்து, வேறு வழியிலும் பணம் தேடி, ஒரு தவணையும் தவறாமல் கட்டிய பெண்ணுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. நான் பேசும் பெண் பெரும்பாலும் இந்தப் பெண்தான். தவணை தவறுவதைவிட எதையும் செய்யலாம் என்று நம்பவைக்கப்பட்டவள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் நிறுவனங்களைத்தான் முக்கியமாகக் கண்காணிக்கிறது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர்கள் நெடுங்காலம் அந்த வேலிக்கு வெளியே நின்றார்கள். 2021இல் பொலன்னறுவை ஹிங்குரக்கொடையில் சிங்களப் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தது இதே துயரத்துக்காகத்தான். வடக்கிலிருந்து அதற்கு இன்னும் பெரிய குரல் எழுந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பிறகு 2022. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். நாட்டில் வறுமை ஒரே ஆண்டில் 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகியது என்று உலக வங்கி மதிப்பிட்டது. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை இழந்த பெண்கள் பாலியல் தொழிலுக்கு வந்ததாகப் பத்திரிகைகள் அப்போது எழுதின. அதிர்ச்சியோடு எழுதின. அந்தப் பெண்கள் முந்தைய மாதம் வரை என்ன சம்பளத்தில் இருந்தார்கள் என்பதும் அதே அதிர்ச்சிக்கு உரியதுதான்.

4. இருந்தும் இல்லாத காணி

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

காணியற்ற வறுமை உலகெங்கும் உண்டு. யாழ்ப்பாணப் பெண்ணின் வறுமை பல வேளைகளில் காணியோடு கூடிய வறுமை. சீதனமாக வந்த இரண்டு பரப்பு அவள் பெயரில் இருக்கும். உறுதி பெட்டிக்குள் இருக்கும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் சட்ட வலு கொடுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை, பெண்ணுக்குச் சொத்து உண்டு என்பதை ஏற்றது. அதில் நாம் பெருமைப்படுவது நியாயம். ஆனால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்வதையும் பாருங்கள். மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை, மரணசாசனம் எழுதுவதைத் தவிர, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நாட்டின் ஏனைய பெண்களில் பலரை இத்தகைய கட்டிலிருந்து 1923ஆம் ஆண்டு மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்டவர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இப்போது 2009 மே மாதத்தில், போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலில் கணவனைக் கடைசியாகப் பார்த்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தையல் இயந்திரம் வாங்க, ஆடு வளர்க்கக் கொட்டில் போட, ஒரு இலட்சம் ரூபா வேண்டும். வங்கிக்கு உறுதியோடு போகிறாள். கணவரின் சம்மதக் கையொப்பம் கேட்கிறார்கள். இல்லையென்றால் மரணச் சான்றிதழ். அவர் செத்துவிட்டார் என்று கையெழுத்திட அவளுக்கு மனம் இல்லை. வீதியோரக் கொட்டகையில் காணாமற்போன பிள்ளைகளின் படத்தை ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மாரின் முகத்தில் எப்படி விழிப்பது? 2016இல் மரணப் பதிவுச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின் மூலம், மரணம் என்று சொல்லாமல், காணாமற்போனமைச் சான்றிதழ் பெற வழி வந்தது. அதே ஆண்டு காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. 2019இல் யாழ்ப்பாணத்தில் அந்த அலுவலகத்தின் கிளை திறந்தது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தாலும் வங்கி முகாமையாளருக்கு 6ஆம் பிரிவின் சம்மதம் கிடைத்துவிடாது.

வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவன் கைவிட்டிருந்தால், நீண்ட சிறைத்தண்டனையில் இருந்தால், சித்தசுவாதீனம் இழந்திருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், காரணமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாக அனுமதி தரலாம் என்கிறது. அதற்கு மனு வேண்டும், சட்டத்தரணி வேண்டும், தவணைகள் வேண்டும். இவை ஒன்றும் கேட்காமல் நுண்கடன் கம்பனி மறுநாளே பணம் தருகிறது. சட்டம் பெண்ணின் சொத்தைப் பாதுகாக்கிறேன் என்று பூட்டி வைக்க, அவளோ பூட்டிய அறையின் வாசலில் நின்று 44 சதவீத வட்டிக்குக் கையேந்துகிறாள்.

ஆகவே 6ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும் என்கிறேன். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர், அது போனால் ஏமாற்றுக்காரர்கள் காணிகளைச் சுருட்டிவிடுவார்கள் என்றார். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் கணவனின் கையொப்பம் இருந்தும் சுருட்டப்பட்ட காணிகள் யாழ்ப்பாணத்தில் குறைவா? வெளிநாட்டுப் பயண முகவருக்குக் கொடுக்க ஈடு வைத்த சீதனக் காணிகள் எத்தனை! ஏமாற்றைத் தடுக்கும் பொறுப்பு நொத்தாரிசுக்கும் காணிப் பதிவகத்துக்கும் உரியது.

5. அலுவலக மேசை

அலுவலகங்களில் கேட்கப்படும் பாலியல் இலஞ்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மண்டபத்தில் பலருக்கு என்னைவிட அதிகம் தெரியும். வீட்டுத்திட்டப் பட்டியல், உதவிப்பணம், வதிவிடச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரு கையொப்பம் வேண்டும். கையொப்பத்தைத் தாமதிப்பதன் மூலம் ஒரு பெண்ணிடம் உடலை விலையாகக் கேட்பதைச் சட்டம் நெடுங்காலம் தனிக் குற்றமாகப் பார்க்கவில்லை. போரில் கணவனை இழந்த பெண்களோடும் படைவீரரின் விதவைகளோடும் பணியாற்றிய பெண்கள் அமைப்புகள் இதைத் திரும்பத் திரும்ப ஆவணப்படுத்தின. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. பெரிய முன்னேற்றம். தமிழில் முறைப்பாடு எழுதி, கொழும்பிலுள்ள இலஞ்ச ஆணைக்குழுவுக்கு அனுப்பி, ஊரில் பெயர் வெளியே வராமல் காக்க முடியும் என்ற நம்பிக்கை அந்தப் பெண்ணுக்கு வரும்வரை இது தாளில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அவரைச் சந்தித்துப் பேசக் கதவு உள்ள ஒரு அறை பல இடங்களில் இல்லை. நடு மண்டபத்தில், அயலவர் இருவர் காதில் விழும் தூரத்தில், எவள் வாய் திறப்பாள்?

6. சென்னை மாகாணம் காட்டிய வரிசை

தடைக்கு முன் காணியைக் கவனித்த சீர்திருத்தத்துக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. தமிழ்நாட்டுத் தேவதாசி ஒழிப்பைப் பேசும்போது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையே எல்லோரும் சொல்வார்கள். சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த முத்துலட்சுமி ரெட்டி அதற்கு முன்பே, 1929இல், அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வரப் பாடுபட்டார். கோயிலில் ஊழியம் செய்வதற்காகத் தேவதாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலங்களை, ஊழியக் கடமையிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கிய திருத்தம் அது. நிலம் முதலில், தடை பிறகு. பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யப் பதினெட்டு ஆண்டு ஆனது. இதை ஒரு முழுவெற்றி என்று நான் சொல்லவில்லை. நிலமில்லாதவர்கள் பலர் நடுத்தெருவில் நின்றார்கள், கலையும் கையைவிட்டுப் போனது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசிகள் பற்றி 1936இல் நாவல் எழுதியதும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் என்ற வலியோடுதான். எனினும் வரிசை சரியானது.

நம் பக்கத்தில் ஆறுமுக நாவலர் கோயில்களில் தாசிகளின் ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய அக்கறை கோயிலின் தூய்மை. நாவலரை நான் மதிப்பவன். ஆனால் அவர் போட்டுத் தந்த பாதையிலேயே நாம் இன்றும் நடக்கிறோம். இடத்தைத் தூய்மையாக்குவதில் நமக்கு இருக்கும் தீவிரம், அங்கிருந்து போகும் பெண் எங்கே போய்ச் சாப்பிடுவாள் என்று கேட்பதில் இல்லை.

7. செய்யக்கூடியவை

அலைந்துதிரிவோர் சட்டத்தின்கீழ் வயதுவந்த பெண்ணையும் திருநங்கையையும் பிடிப்பதை நிறுத்த வேண்டும். ஆட்கடத்தலையும் பிள்ளைகளைப் பயன்படுத்துவதையும் கட்டாயப்படுத்துவதையும் தண்டிக்கத் தண்டனைச் சட்டக்கோவையில் 360அ, 360இ போன்ற பிரிவுகள் இருக்கின்றன. பொலிஸின் நேரம் அங்கே போகட்டும். பிற நாடுகள் இரு வழிகளில் போயின. சுவீடன் 1999இல் பாலியல் சேவையை வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. நியூசிலாந்து 2003இல் இரு தரப்பையும் குற்றச்சட்டத்திலிருந்து விடுவித்துத் தொழிற்சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த குடாநாட்டில் வாங்குபவரைத் துரத்தினாலும் படம் பிடிக்கப்படுவது பெண்தான் என்பதால், நான் நியூசிலாந்தின் பக்கம் சாய்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் பாலியல் தொழிலாளருக்கு அடையாள ஆவணம் கேட்காமல் உலர் உணவு வழங்கச் சொன்னது. 2022 மே மாதத்தில் அவர்களையும் கண்ணியத்தோடு நடத்தவும், முற்றுகையின்போது படங்களை வெளியிடாதிருக்கவும் பணித்தது. படத்தை வெளியிடாமல் இருக்க நம் பத்திரிகை ஆசிரியர்களுக்கு உச்ச நீதிமன்றம் தேவையில்லை, நாளைக்கே முடிவெடுக்கலாம்.

கடனுக்கு மாற்று கடன்தான், நியாயமான கடன். அதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. சங்கக் கடையும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமும் மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும் இந்த மண்ணின் சாதனைகள். வீரசிங்கம் மண்டபத்தில் நாம் எத்தனையோ கூட்டங்கள் கேட்டிருக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் கூட்டுறவுக்காக உழைத்த ஆசிரியர் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் வட மாகாணக் கூட்டுறவுகளை நுண்கடனுக்கு மாற்றாக வலுப்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதியும் உழைத்தும் வருகிறார்கள். நான் இதில் சேர்ப்பது ஒன்று. தனித்து வாழும் பெண்ணுக்குப் பிணை நிற்க ஆள் கிடைப்பதில்லை. பிணையாளர் இல்லாதவர்களுக்காக ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு பிணை நிதி வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் கோயில் கோபுரத்துக்கு அனுப்புவதில் ஒரு சிறு பங்கு இதற்கு வந்தால் போதும்.

அங்கத்துவத்துக்கு நடத்தைச் சான்று கேட்கவும் கூடாது. கல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்கள் 1995இல் 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நன்னடத்தை வேண்டும் என்ற விதியே தடையாக நின்றது. மேற்கு வங்க அரசு அதைத் தளர்த்திய பிறகு பதிவு கிடைத்தது. வட்டிக்காரனின் பிடியிலிருந்து பெண்கள் விடுபட அந்தச் சங்கம் வழியானது; சிலர் தொழிலை விட்டுப் போனார்கள், சிலர் அதிலேயே இருந்து பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். இருவருக்கும் சங்கம் கடன் கொடுத்தது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவை நீக்கப் பாராளுமன்றம் வேண்டும். அது எப்போது நடக்குமோ தெரியாது. 8ஆம் பிரிவைப் பயன்படுத்த எவருடைய அனுமதியும் வேண்டாம். யாழ்ப்பாணச் சட்டத்தரணிகள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையும் இங்கே இருக்கிறது. பதினைந்து பிரதேச செயலகங்களிலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கட்டணமின்றி இந்த மனுக்களை எழுத முடியுமா என்று கேட்கிறேன். உறுதி, விவாகப் பதிவு, காணாமற்போனமைச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றைப் பெண்கள் கையோடு கொண்டுவருவார்கள். ஒரே மாதிரி மனு என்பதால் முதல் மனுவுக்குத்தான் நேரம் பிடிக்கும். வங்கிகளின் பிராந்திய முகாமையாளர்களோடு முன்கூட்டியே பேசி, 8ஆம் பிரிவின் கட்டளையைச் சம்மதத்துக்குப் பதிலாக ஏற்கிறோம் என்று ஒரு சுற்றறிக்கையும் வாங்கிவிட்டால், அடுத்த வெங்காயப் போகத்துக்கு முன்பே சில பெண்களுக்காவது தங்கள் சொந்தக் காணியின்மேல் கடன் கிடைக்கும்.